சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2018 டிசெம்பர் 13 ஆம் திகதி, பாராளுமன்றத்தைக் கலைத்து ஜனாதிபதி வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தல் அரசியலமைப்புக்கு முரணானது என்று இலங்கை உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த அறிவித்தலுக்கு எதிராகப் பல மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் இராஜவரோதயம் சம்பந்தன் தாக்கல் செய்த மனுவின் பெயரிலேயே, ‘சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்’ என்று, அந்தத் தீர்ப்பு இன்று மேற்கோள் காட்டப்படுகிறது. தீர்ப்பு வந்து ஐந்தாம் நாள், டிசெம்பர் 18 ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவை எதிர்க்கட்சித் தலைவராக ஏற்றுக்கொண்டதாகச் சபாநாயகர் அறிவித்தார். வழக்கில் வென்றவர், வென்ற காரணத்தினாலேயே எதிர்க்கட்சித் தலைவர் பதவியை இழந்தார்.

சம்பந்தன் 2024 ஜூன் 30 ஆம் திகதி கொழும்பில் தமது 91 ஆவது வயதில் காலமானார். அதன் பின்னர், வட மாகாணத்தின் பெருநிலப்பரப்பான வன்னியில் அவரைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. தெற்கின் தலைவர்களோடு கடைசிவரை பேசிப் பார்த்த பொறுமைசாலி என்று ஒரு சாராரும், பேசிப் பேசியே காலத்தைக் கடத்தியவர் என்று இன்னொரு சாராரும் சொல்கின்றனர். அஞ்சலிக் கூட்டத்திற்கு முன்னதும் தேநீர்க்கடைக்குப் பின்னதும் போதும். ஆனால் 1977 முதல் இடைவெளிகளோடு பாராளுமன்றத்தில் இருந்த ஒரு பிரதிநிதியின் செயலை எடைபோட இவை இரண்டும் போதாது. கட்சி எல்லைகளைக் கடந்து அவர் நடத்திய அரசியலில் உறுதியாக நிலைத்தவை எவை, நிலைக்காதவை எவை, அந்த வேறுபாடு ஏன் ஏற்பட்டது என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள். நிலைத்தது நாடு முழுவதற்கும் கிடைத்தது என்பதும், வன்னிக்கென்று கேட்கப்பட்டவை அரைகுறையாகவே வந்தன என்பதும் என் கணிப்பு. அதைச் சொல்லாமல் எழுப்பப்படும் நினைவுச் சின்னம் அவருக்கு மரியாதையாகாது.

வன்னியிலிருந்து ஏன்

சம்பந்தன் திருகோணமலையின் மனிதர். வன்னியில் அவர் ஒருபோதும் வேட்பாளராக நின்றதில்லை. இருந்தும், அவருடைய இணக்கப் போக்குக்கான விலையைச் செலுத்தும்படி கேட்கப்பட்டவர்களுள் வன்னி மக்களே முன்வரிசையில் இருந்தனர். 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தல் அதற்குத் தெளிவான உதாரணம். போர் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அடைக்கப்பட்டிருந்த முகாம்களில் இருந்து பலர் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. செட்டிகுளத்து மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அந்த வேளையில், போரின்போது இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகாவுக்கு வாக்களிக்குமாறு சம்பந்தனின் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கேட்டது.

வன்னித் தேர்தல் மாவட்டத்தில் பதிவு செய்திருந்தவர்களில் பாதிப்பேர்கூட அன்று வாக்களிக்கவில்லை. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பொன்சேகாவைத் தெரிந்தனர். ஷெல் விழுந்த பதுங்குகுழிக்குள் இருந்து உயிரோடு வெளியே வந்த ஒருவர் அந்தப் புள்ளடியை இடும்போது என்ன நினைத்திருப்பார் என்பதை எந்த அரசியல் விளக்கமும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆட்சியை மாற்றுவதே நோக்கம், ஆள் யார் என்பதல்ல என்ற கணக்கு அவரிடமும் இருந்திருக்கும். 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேனவுக்கு வன்னி அளித்தது 78 வீதத்திற்கும் அதிகமான வாக்குகள். 2019 இல் சஜித் பிரேமதாசவுக்கு 82 வீதம். மூன்று முறையும் கூட்டமைப்பு கைகாட்டிய தென்னிலங்கை வேட்பாளருக்கே இந்த மாவட்டம் பெரும்பான்மையைக் கொடுத்தது. ஆகவே, மறுதரப்போடு கைகோத்தவர் சம்பந்தன் மட்டுமல்லர். அவரை நம்பி வன்னியும் கைகோத்தது. அந்தக் கொடுக்கல் வாங்கலின் கணக்கைக் கேட்கும் உரிமை வன்னிக்கு உண்டு.

பின்னணி

1977 பொதுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி ஆகிய நான்கு தொகுதிகளும் அதற்குள் அடங்கின. (கிளிநொச்சி இன்று தேர்தல் கணக்கில் யாழ்ப்பாணத்தோடு சேர்க்கப்பட்டாலும், வன்னியில் அதை யாரும் பிரித்துப் பேசுவதில்லை.) அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். முதற்தடவையாகத் திருகோணமலையிலிருந்து சபைக்குச் சென்ற சம்பந்தன் அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். தனிநாட்டுக்கான ஆணையைப் பெற்ற கட்சி சட்டப்படி பிரதான எதிர்க்கட்சியாகவும் இருந்த அந்த முரண்பாடு ஆறு ஆண்டுகளில் முறிந்தது. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கிய ஆறாவது திருத்தம் வந்தது. கூட்டணியினர் சபைக்குச் செல்லாமல் ஆசனங்களை இழந்தனர். 1997 இல் அ. தங்கத்துரை கொல்லப்பட்டதால் ஏற்பட்ட வெற்றிடத்திற்கே சம்பந்தன் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். 2001 இல் உருவான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராகவும், அந்த ஆண்டு முதல் இறக்கும்வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

மறுதரப்போடு சேர்ந்து இயங்கிய தமிழ்ப் பிரதிநிதிகள் அவருக்கு முன்னரும் இருந்தனர். வவுனியாவின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினர் சி. சுந்தரலிங்கம் 1947 இல் சுயேச்சையாக வென்று, டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். குடியுரிமைச் சட்டவாக்கத்தில் முரண்பட்டு 1948 இல் விலகினார். பிற்காலத்தில் தனித் தமிழரசு கேட்கும் நிலைக்கு அவர் வந்தது தனிக் கதை. கலாநிதி நீலன் திருச்செல்வம் 1990 களின் அரசியலமைப்பு வரைவுகளில் ஆளும் தரப்போடு இருந்து உழைத்தார்; 1999 ஜூலை 29 ஆம் திகதி கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். சுந்தரலிங்கம் பதவியை ஏற்றுக்கொண்டார். நீலன் வரைவு எழுதினார். சம்பந்தன் செய்தது வேறு. அவர் அமைச்சர் பதவியை ஏற்கவுமில்லை, தம் கட்சியினரை ஏற்க விடவுமில்லை. ஆனால் அரசாங்கத்தை நிலைநிறுத்தத் தேவைப்பட்ட வாக்குகளைக் கொடுத்தார், அரச விழாக்களில் அமர்ந்தார், 2012 மே தினத்தில் யாழ்ப்பாணத்தில் ரணில் விக்கிரமசிங்கவோடு மேடையில் சிங்கக்கொடியை ஏந்தினார். அந்தக் கொடிப் படத்தை வன்னியில் இன்றும் பலர் மறக்கவில்லை.

ஆதரித்துக்கொண்டே எதிர்த்தவர்

2015 ஓகஸ்ட் தேர்தலின் பின்னர் ஐக்கிய தேசியக் கட்சியும் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியும் சேர்ந்து அரசாங்கம் அமைத்தன. 16 உறுப்பினர்களைக் கொண்ட கூட்டமைப்பு, அரசில் சேராத கட்சிகளில் பெரியதாக இருந்தது. செப்டெம்பர் 3 ஆம் திகதி சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கத்திற்குப் பின்னர் அப்பதவிக்கு வந்த முதல் தமிழர் அவர். எதிர்க்கட்சியின் பிரதம கொறடாவாக அநுர குமார திசாநாயக்க இருந்தார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மகிந்த ராஜபக்சவின் ஆதரவாளர்கள் சபையில் எண்ணிக்கையில் அதிகமாக அமர்ந்திருந்தும், அவர்கள் தேர்வான அணி அரசாங்கத்தில் இருந்ததால் அந்தப் பதவியைக் கோர முடியவில்லை.

ஓர் எதிர்க்கட்சித் தலைவர் தாம் எதிர்க்க வேண்டிய அரசாங்கத்தின் பிரதான வேலைத்திட்டத்தில், அதாவது புதிய அரசியலமைப்பு ஆக்கத்தில், பங்காளியாகவும் இருந்தார். 2016 மார்ச் 9 ஆம் திகதி பாராளுமன்றம் எதிர்ப்பின்றித் தன்னை அரசியலமைப்புச் சபையாக மாற்றிக்கொண்டது. 21 பேர் கொண்ட வழிப்படுத்தும் குழுவில் சம்பந்தன் இருந்தார். 2016 முடிவதற்குள் தீர்வு வரும் என்று மேடைகளில் கூறினார். அந்த ஆண்டு முடிந்தது, உபகுழு அறிக்கைகள் வந்தன; 2017 செப்டெம்பர் 21 ஆம் திகதி இடைக்கால அறிக்கை வந்தது; அதற்கு மேல் நகரவில்லை. காலக்கெடு கொடுத்தது அவருடைய பெரிய தவறு என்பது என் எண்ணம். காலக்கெடு அவருடைய கையில் இருக்கவில்லை. தவறியபோது பழி மட்டும் அவருடைய கையில் இருந்தது.

இணக்கவாதி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவரை அடக்கிவிட முடியாது என்பதைக் காட்டும் சம்பவம் ஒன்று வன்னியிலேயே நடந்தது. 2016 ஏப்ரலில் கிளிநொச்சி பரவிப்பாஞ்சானில் இராணுவம் வைத்திருந்த மக்களின் காணிகளைப் பார்ப்பதற்காக, அவர் முகாம் வளாகத்திற்குள் நுழைந்தார். தெற்கில் அது பெரும் சர்ச்சையானது. இராணுவ முகாமுக்குள் அத்துமீறினார் என்று மகிந்த அணியினர் விசாரணை கோரினர். 83 வயதில், எதிர்க்கட்சித் தலைவர் என்ற அரச பதவியை, காணி உரிமையாளர்களோடு ஒரு வாயிற்கதவைக் கடப்பதற்கு அவர் பயன்படுத்தினார். சிங்கக்கொடியை நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கொழும்பில் அவரைச் சமரசத்தின் உருவமாகப் புகழ்பவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மையே.

2018 ஒக்டோபர் 26 முதல்

அன்று மாலை ஜனாதிபதி சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்ற கேள்வியில், கூட்டமைப்பின் வாக்குகள் தராசின் முள்ளாகின. இரு தரப்பும் ஆதரவு கோரின. கூட்டமைப்பின் கிழக்கு உறுப்பினர் ஒருவர் மகிந்தவின் பக்கம் சென்று பிரதி அமைச்சரானார். பெரும்பான்மையைக் காட்ட முடியாத நிலையில் நவம்பர் 9 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

அடுத்த வேலை நாளிலேயே மனுக்கள் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றன. சம்பந்தனோடு ஐக்கிய தேசியக் கட்சியும் மக்கள் விடுதலை முன்னணியும் முஸ்லிம், மலையகக் கட்சிகளும் சென்றன. வன்னியின் உறுப்பினர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட அகில இலங்கை மக்கள் காங்கிரஸும் மனுத் தாக்கல் செய்தது. நவம்பர் 13 ஆம் திகதி இடைக்காலத் தடை கிடைத்தது. மறுநாள் சபை கூடியது. அதன் பின்னர் நடந்த மிளகாய்த்தூள் வீச்சும் கதிரை வீச்சும் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தவை.

வழக்கின் சட்டப் பொருளைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம், ஏனெனில் இந்த ஆய்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அரசியலமைப்பின் 33 (2) (இ) உறுப்புரை, பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்குள்ள அதிகாரத்தைக் குறிப்பிடுகிறது. 70 (1) உறுப்புரையோ, முதற் கூட்டத்திலிருந்து நான்கரை ஆண்டுகள் முடிவதற்கு முன்னர், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் தீர்மானம் இல்லாமல் கலைக்க முடியாது என்று அன்று கூறியது. முதலாவது உறுப்புரை தனியான, கட்டற்ற அதிகாரம் என்பது அரச தரப்பின் வாதம். அந்த அதிகாரம் 70 (1) சொல்லும் முறைப்படியே பிரயோகிக்கப்பட வேண்டும் என்பது மனுதாரரின் வாதம். ஏழு நீதியரசர்களும் இரண்டாவதை ஏற்றனர். மனுதாரரின் 12 (1) ஆம் உறுப்புரைச் சமத்துவ உரிமை மீறப்பட்டதாகவும் கண்டனர். 2015 செப்டெம்பர் 1 ஆம் திகதி முதலில் கூடிய அந்தப் பாராளுமன்றம், நான்கரை ஆண்டுகள் முடிந்த பிறகு, 2020 மார்ச் 2 ஆம் திகதியே கலைக்கப்பட்டது.

அந்த நான்கரை ஆண்டுத் தடை எங்கிருந்து வந்தது? 2015 ஏப்ரல் 28 ஆம் திகதி 212 வாக்குகளோடு நிறைவேறிய 19 ஆவது திருத்தத்திலிருந்து வந்தது. ஜனாதிபதியின் செயலுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி, அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்ய முடியும் என்ற வழி எங்கிருந்து வந்தது? அதுவும் அதே திருத்தத்தில் 35 ஆம் உறுப்புரையில் சேர்க்கப்பட்டது. வழக்கின் பெயரில் ஜனாதிபதி இல்லாமல் சட்டமா அதிபர் இருப்பதற்குக் காரணம் அதுதான். கட்சி எல்லைகளைக் கடந்து கூட்டமைப்பும் சேர்ந்து வாக்களித்து உருவாக்கிய ஒரு திருத்தமே, மூன்றரை ஆண்டுகள் கழித்துச் சம்பந்தனின் கைக்குக் கருவியாக வந்தது. பேச்சுவார்த்தையில் யாரும் வாக்குறுதியாகத் தந்திருந்தால் அது அந்த ஒக்டோபர் மாலையிலேயே செல்லாக்காசாகியிருக்கும். சட்ட வாசகமாக இருந்ததால் செல்லுபடியானது.

டிசெம்பர் 12 ஆம் திகதி, ரணில் விக்கிரமசிங்கவில் நம்பிக்கை தெரிவிக்கும் பிரேரணை 117 வாக்குகளோடு நிறைவேறியது. கூட்டமைப்பின் வாக்குகள் இல்லாமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது. டிசெம்பர் 16 ஆம் திகதி அவர் மீண்டும் பிரதமரானார். இம்முறை சுதந்திரக் கட்சி அணி அரசாங்கத்தில் இல்லை; அது எதிர் ஆசனங்களுக்குச் சென்றது, எண்ணிக்கையில் பெரியதாகவும் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பதவி சம்பந்தனை விட்டுச் சென்றது. இந்த விளைவு முன்கூட்டியே கணிக்கக்கூடியதாக இருந்தது. கணித்துக்கொண்டே அவர் வழக்கை நடத்தினார் என்றே கருத வேண்டும்.

வன்னியின் கணக்கு

அதே நான்கு ஆண்டுகளில் வன்னியில் நடந்தவை வேறு வரிசையில் நிற்கின்றன. 2017 ஜனவரி 23 ஆம் திகதி வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினர். பேச்சுக்கு அழைப்பதாக அரசாங்கம் அளித்த உறுதிமொழியின் பேரில் நிறுத்தினர். பேச்சு பயன் தராததால் பெப்ரவரி 24 ஆம் திகதி வீதியோரக் கொட்டகையில் மீண்டும் அமர்ந்தனர். கிளிநொச்சியில் பெப்ரவரி 20 ஆம் திகதியும் முல்லைத்தீவில் மார்ச் 8 ஆம் திகதியும் போராட்டங்கள் தொடங்கின. கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் முன்னால் ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் கிடந்து, மார்ச் முதலாம் திகதி தங்கள் காணிகளுக்குள் சென்றனர். அதற்கு அடுத்திருந்த கேப்பாப்புலவு மக்கள் தொடர்ந்து அமர வேண்டியிருந்தது.

இந்தக் கொட்டகைகளில் இருந்தவர்கள் சம்பந்தனைப் பெயர் சொல்லியே கண்டித்தார்கள். அவர் அரசாங்கத்தைக் காப்பாற்றுகிறார், தங்களைக் காப்பாற்றவில்லை என்றார்கள். அந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்கிய கொழும்புக் கட்டுரைகள் எனக்கு அன்றும் உடன்பாடில்லை, இன்றும் உடன்பாடில்லை. இராணுவத்திடம் தன் கையாலேயே மகனை ஒப்படைத்த தாய் ஒருவருக்கு, மகன் எங்கே என்ற கேள்வியைத் தவிர மற்றவை எல்லாம் இரண்டாம் பட்சமாகவே இருக்கும். கொட்டகைகளில் இருந்தவர்களில் பலர் பதில் அறியாமலே இறந்துவிட்டனர்.

ஆயினும், கூட்டமைப்பு ஒன்றுமே பெறவில்லை என்பதும் சரியல்ல. காணாமற்போனோர் அலுவலகத்திற்கான சட்டம் 2016 ஓகஸ்டில் நிறைவேறியது. வலிந்து காணாமலாக்கலைக் குற்றமாக்கும் சட்டமும் இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டமும் 2018 இல் வந்தன. 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆனால் காணாமற்போனோர் அலுவலகத்தின் உறுப்பினர்கள் 2018 பெப்ரவரியில்தான் நியமிக்கப்பட்டார்கள். சட்டம் நிறைவேறி ஒன்றரை ஆண்டுகள் வீணாகியிருந்தன. தேசிய கீதம் 2020 இல் மீண்டும் சிங்களத்தில் மட்டும் பாடப்பட்டது.

எழுத்தில் வந்தது நிலைக்கும், வாய்வார்த்தை நிலைக்காது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாதது இதனால்தான். காணாமற்போனோர் அலுவலகமும் எழுத்தில் வந்ததே. வேறுபாடு இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறது. கலைப்பு வழக்கில், பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதிமன்றம் சென்று, ஒரு திகதிக்குள் பதில் பெறும் வழி சட்டத்திலேயே இருந்தது. காணாமற்போனோர் சட்டத்தில், உறுப்பினர்களை நியமிக்காமல் இழுத்தடிக்கும் ஒரு நிர்வாகத்தை முள்ளியவளையிலிருந்தோ செட்டிகுளத்திலிருந்தோ ஒரு தாய் கட்டாயப்படுத்தும் கருவி எதுவும் வைக்கப்படவில்லை. காணி விடுவிப்போ சட்டமாகவே இருக்கவில்லை. ஒவ்வொரு ஏக்கரும் பாதுகாப்புத் தரப்பின் சம்மதத்தில் தங்கியிருந்தது. 2015 இல் சிறிசேனவுக்கு அளிக்கப்பட்ட ஆதரவுக்கும் எழுத்திலான உடன்படிக்கை எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. அப்படி ஒன்றை வெளியிட்டால் தெற்கில் இனவாதப் பிரசாரத்திற்கு உதவும் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். அது பொய்யான அச்சமல்ல. ஆனால் அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டவுடன், கணக்குக் கேட்பதற்கான தாளும் இல்லாமற்போயிற்று.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் கூட்டத்திற்குச் சென்றவர்களுக்கு இது புதிய விடயமல்ல. குளத்தில் உள்ள நீர் எல்லா வயலுக்கும் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் நீர் திறப்பது, எப்போது நிறுத்துவது என்று கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் அரசாங்க அதிபரின் முன்னிலையில் வாதாடி முடிவெடுப்பார்கள். ஒருவரையொருவர் பிடிக்காதவர்களும் அங்கே உடன்படுகிறார்கள், ஏனெனில் முடிவு குறிப்பேட்டில் ஏறுகிறது, கடைசி வாய்க்காலுக்கு நீர் வராவிட்டால் அந்தக் குறிப்பைக் காட்டிக் கேட்கலாம். சம்பந்தனின் இணக்க அரசியலில் கடைசி வாய்க்காலில் இருந்தது வன்னி. குறிப்பேடு அதன் கையில் கொடுக்கப்படவில்லை.

இதற்கான விலையை வாக்குப் பெட்டி காட்டியது. கூட்டமைப்பின் பிரதான கட்சியான தமிழரசுக் கட்சி வன்னியின் ஆறு ஆசனங்களில் 2015 இல் நான்கையும் 2020 இல் மூன்றையும் பெற்றது. சம்பந்தன் இறந்து நான்கரை மாதங்களில் நடந்த 2024 நவம்பர் தேர்தலில் ஒன்றே கிடைத்தது. மாவட்டத்தில் முதலிடம் பெற்றது, அன்றைய கொறடா அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி. தெற்கின் தலைவர்களோடு நேரடியாகவே பேசிக்கொள்ளலாம், இடையில் ஒருவர் எதற்கு என்று வாக்காளர்களில் ஒரு பகுதியினர் முடிவுசெய்ததாக இதை வாசிக்க இடமுண்டு. அப்படி வாசித்தால், அவருடைய வழிமுறையை மக்கள் கைவிடவில்லை. அவருடைய கட்சியைக் கைவிட்டு வழிமுறையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

நினைவுகூரும் முறை

வவுனியா நகரில் பண்டாரவன்னியனுக்குச் சிலை உண்டு, தந்தை செல்வாவுக்கும் உண்டு. மாலை போடும் நாட்களில் அங்கே கூட்டம் சேரும். சம்பந்தனுக்கும் ஒன்று வைக்கலாம் என்று யாராவது கேட்டால், கேப்பாப்புலவிலும் வீதியோரக் கொட்டகையிலும் இருந்தவர்களைக் கேட்டுவிட்டு வையுங்கள் என்பதே என் பதில். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பும் அவருடைய வரலாற்றின் பகுதிதான்.

சிலையைவிட அவருக்குப் பொருத்தமானது அவருடைய பெயரைச் சுமக்கும் தீர்ப்பு. வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் வகுப்புகளிலும் அதைத் தமிழில் ஒரு வழக்காகவே எடுத்துப் படிக்கலாம்: எந்த உறுப்புரை, எந்த வாதம், யார் யார் மனுதாரர்கள், ஏன் சட்டமா அதிபர் பிரதிவாதி. தமிழ் மாணவர்கள் இந்நாட்டின் அரசியலமைப்பைத் தங்களுக்கு எதிரான நூலாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அதற்குப் போதிய காரணங்களும் உண்டு. அதே நூலைக் கையில் எடுத்து, ஒரு தமிழ் மனுதாரர் நாட்டின் பாராளுமன்றத்தையே மீட்ட வழக்கை அவர்கள் அறியாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அதோடு சேர்த்து, 2020 இன் 20 ஆவது திருத்தம் நான்கரை ஆண்டை இரண்டரையாகக் குறைத்ததையும், 2022 இன் 21 ஆவது திருத்தம் அந்த இரண்டரையை அப்படியே விட்டதையும் படிக்க வேண்டும். ஒரு வெற்றி எவ்வளவு காலம் தாங்கியது என்பதும் பாடத்தில் வரவேண்டியது.

மற்றையது நடைமுறை சார்ந்தது. இன்று வன்னியின் ஆறு உறுப்பினர்களும் ஐந்து பட்டியல்களிலிருந்து வந்தவர்கள்: தேசிய மக்கள் சக்தியில் இருவர்; ஐக்கிய மக்கள் சக்தி, தமிழரசுக் கட்சி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, தொழிற் கட்சி ஆகியவற்றில் ஒவ்வொருவர். தமிழரும் முஸ்லிம்களும் அவர்களுள் இருக்கிறார்கள், ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் இருக்கின்றன. சம்பந்தன் கொழும்பில் செய்ததை இவர்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு மேசையிலேயே செய்ய முடியும். குழுக்கூட்டங்களில் ஒருவரையொருவர் மறித்துப் பேசிக் காணொளியில் வருவது இப்போது வழமையாகிவிட்டது. அதை நிறுத்தும்படி கேட்பது வீண். கேட்க வேண்டியது, ஆறு பேரும் கையெழுத்திட்ட ஒரு தாள். படையினர் இன்னும் வைத்திருக்கும் தனியார் காணிகள், வனவளத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் எல்லைக்கல் நாட்டிய வயல்கள், காணாமற்போனோர் அலுவலகத்தில் கிடக்கும் கோவைகள் ஆகிய மூன்றையும் பற்றி அதில் எழுதப்படட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பான அமைச்சும் திகதியும், அந்தத் திகதி தவறினால் பாதிக்கப்பட்டவர் எந்த நீதிமன்றத்தில், எந்தச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம் என்பதும் குறிக்கப்படட்டும். அப்படிச் செல்ல வழி இல்லையென்றால், அந்த வழியைத் திறக்கும் தனிநபர் பிரேரணையை ஆறு பேரில் யார் சபையில் முன்மொழிவார், யார் வழிமொழிவார் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.